புங்கமரத்தடி ஆஜர்

1957 ஜனவரி 22

"சார், நீங்க அவரைப் பாக்க வந்தது யாருக்காக?"

போன வாரம் ஆஸ்பத்திரி சூப்பிரண்டம்மா என்னிடம் கேட்டது. இன்று காலை பல் தேய்க்கும்போது மறுபடி நினைவுக்கு வந்தது. பல் தேய்த்து முடித்த பிறகும் போகவில்லை.

நடந்தது இதுதான். என்னோடு வேலை பார்த்த டிராயிங் மாஸ்டர் குழந்தைசாமியை, மூலத்துக்கு ஆபரேஷன் செய்து, திருவரங்குளம் சாலையில் இருக்கும் தரும ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தட்டி எழுப்பினேன். எழுப்பாமல் திரும்பினால் நான் வந்தது அவருக்கு எப்படித் தெரியும்? புண் ஆறுவது எப்படி என்பதை, உடைந்த கண்மாய்க் கரையை அடைப்பதை உதாரணமாக வைத்து விளக்கினேன். நல்ல உதாரணம். கொஞ்சம் நீண்டுவிட்டது. வெளியே வரும்போது வராந்தாவில் நிறுத்தி அந்த அம்மாள் கேட்ட கேள்வி அது.

அவருக்காகத்தான் என்றேன்.

"நேத்திலேருந்து வலியில கெடந்து இப்பத்தான் சார் கண்ணை மூடினாரு" என்றார், கோபமே இல்லாமல்.

கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டு, அன்றே மறந்திருப்பேன்.

ஜனவரி 25

இந்தச் சூப்பிரண்டம்மா இன்னாசியம்மாளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஆவூர்ப் பக்கத்துப் பெண். மதராஸில் நர்ஸாக இருந்து, பிறகு அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நிர்வாக வேலை பழகியவர். டாக்டர் வைத்தியத்தைப் பார்க்கட்டும், மற்றதை எல்லாம் பார்க்க ஒருவர் வேண்டும் என்று கமிட்டியார் கூட்டி வந்தார்கள். இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு உத்தியோகத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. முதல் மாதம் அவரைச் சமையலுக்கு வந்தவர் என்று நினைத்து, ரசத்தில் புளி அதிகம் என்று புகார் சொன்னார்களாம். அதையும் கேட்டுக்கொண்டு புளியைக் குறைத்துவிட்டார்.

என் மனைவி பிரகதாம்பாளுக்கும் அதே சந்தேகம். "ஊசி போடமாட்டாங்க, மருந்து குடுக்கமாட்டாங்க. அப்ப அவங்க என்னதாங்க செய்வாங்க?"

உதாரணம் சொன்னேன். ஹெட்மாஸ்டர் பாடம் நடத்துவதில்லை. ஆனால் அவர் இல்லாமல் பள்ளிக்கூடம் நடக்குமா?

"அவர் லீவு போட்ட அன்னிக்குத்தான் பள்ளிக்கூடம் நல்லா நடக்குதுன்னு நீங்கதானே சொல்வீங்க" என்றாள்.

முப்பது வருஷம் பேசியதை எல்லாம் இவள் எங்கே சேர்த்து வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3

குழந்தைசாமியை மறுபடி பார்க்கப் போனேன். இந்தத் தடவை எழுப்பவில்லை. எழுப்ப அவசியமும் இல்லை. அந்த வார்டில் யாரும் தூங்க முடியாது.

ஒரு நோயாளிக்கு ஒரு ஊர் வருகிறது. கட்டிலுக்கு அடியில் மாமா படுத்திருக்கிறார். ஜன்னலோரம் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். கட்டில் காலில் ஒரு கோழி. நோயாளி தேறியதும் குழம்பு வைக்கவாம். அது அவரை விடக் கவலையாக உட்கார்ந்திருந்தது.

இன்று டாக்டர் ஒரு கட்டிலுக்கு வந்து, படுத்திருந்தவர் வயிற்றை நன்றாக அமுக்கிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, வீக்கம் வற்றிவிட்டது, ஆச்சரியம் என்றார். படுத்திருந்தவர் நோயாளியின் சம்பந்தி. பஸ்ஸில் வந்த அலுப்பில் சாய்ந்திருக்கிறார். நோயாளி அவருக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு, அவருக்காக டீ வாங்க வெளியே போயிருந்தார். வயிற்றில் கட்டோடு.

ஏனய்யா சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்குச் சம்பந்தி, "பெரிய டாக்டரு, ஆசையா பாக்குறாரு. வேணாங்கலாமா?" என்றார்.

பிப்ரவரி 9

சிரிக்க முடியாத செய்தி.

விராலிமலைப் பக்கத்து ராசாத்தி. சின்ன வயசுப் பெண், வயிற்றில் ஆபரேஷன் ஆகி நன்றாகத் தேறிக்கொண்டிருந்தாள். இன்று காலை மாமனார் வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். மாமனார் வாசலில் நுழைந்ததும் அவள் எழுந்து, சேலையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். மாமனார் வரும்போது மருமகள் படுத்திருக்கலாமா? அந்த யோசனையே அவளுக்கு வரவில்லை. கால் தானாக எழுந்துவிட்டது. தையல் பிரிந்தது. ரத்தம் புடவைக்கு வெளியே தெரியும் வரை நின்றிருக்கிறாள்.

மறுபடி தைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் போகட்டும், பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

மாமனார் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். "படும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணலையே. அது எந்திரிச்சு நின்னது எனக்குப் பெருமையால்ல இருந்துச்சு." இதையே வருகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னாசியம்மாள் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாசல் கதவை நோக்கி நடந்தார்.

பிப்ரவரி 11

கதவு சாத்தப்பட்டது. ஆபரேஷன் ஆனவர்களைத் தேறும் வரை யாரும் பார்க்கக் கூடாது. துணைக்கு ஒரே ஒரு ஆள். மற்ற வார்டுகளுக்குச் சாயங்காலம் மட்டும். அடுப்பும் கோழியும் வெளியே.

ராசாத்தி பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர்.

பிப்ரவரி 14

பெரியண்ணன் அம்பலத்தையே வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நிலம் கொடுத்தவர், கமிட்டித் தலைவர். யாரோ பங்காளியைப் பார்க்கப் பரிவாரத்தோடு வந்திருக்கிறார். வாட்ச்மேன் நாகராசு கைகட்டிக்கொண்டு நின்றானே தவிர, நகரவில்லை.

"இந்த இடம் யாரு குடுத்ததுன்னு தெரியுமாடா?"

"தெரியுங்கய்யா. இந்தக் கதவும் ஐயா குடுத்ததுதான். நல்ல கெட்டிக் கதவுங்க."

அம்பலம் திரும்பிப் போய்விட்டார். சித்திரையில் கமிட்டி கூடும். அதற்குள் கதவு திறக்காவிட்டால் அந்த அம்மாள் பெட்டியைக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சொன்னால் செய்கிறவர். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில், கறம்பக்குடியில் இருக்கும் சொந்தத் தம்பியோடு வருஷக்கணக்காகப் பேசாதவர். நம்மைப் போன்றவர்கள் எம்மாத்திரம்?

பிப்ரவரி 17

கதவுக்கு வெளியே கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. எலெக்ஷன் ஜீப் ஒன்று தங்கள் கூட்டம் என்று நினைத்து நின்றுவிட்டது.

ஒரு குடியானவரிடம் ஏனப்பா இவ்வளவு கோபம் என்று கேட்டேன்.

"நான் வந்தது என் மச்சானுக்கு எப்படிங்க தெரியும்? நாளைக்கு ஒருத்தனும் எட்டிப் பாக்கலைம்பான். செத்துட்டாக்கூடப் பரவால்லங்க. பொழைச்சுட்டா ஆயுசுக்கும் பதில் சொல்லணும்ல?"

நான் குழந்தைசாமியைத் தட்டி எழுப்பியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. சாத்துக்குடிதான் வித்தியாசம்.

நேரே இன்னாசியம்மாளிடம் போனேன். அவர்கள் பார்க்க வரவில்லை, வந்ததாகத் தெரிய வேண்டும் என்று வருகிறார்கள் என்றேன். உதாரணமும் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குப் பாடம் கேட்க வருகிறவர்கள் பாதிப் பேர், ஆஜர் போட வருகிறவர்கள் பாதிப் பேர். ஆஜர் எடுக்காமல் இருந்து பாருங்கள், பின்பெஞ்சில்தான் முதலில் கலகம் வரும்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஆஜர் எடுத்துருவோம் சார். நீங்கதான் எடுக்கணும்."

உதாரணம் சொன்னதில் எனக்கு வேலை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 18

"பென்ஷன் வாங்கியும் ஆஜர் எடுக்குற ஆசை போகலை" என்கிறாள் பிரகதாம்பாள். ஆனால் சட்டையை வெளுத்து மடித்து வைத்திருந்தாள்.

ஏற்பாடு இதுதான். வாசலுக்கு வெளியே இருக்கும் புங்கமரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் ஊரையும் பேரையும் என்னிடம் சொல்வார்கள். சாயங்காலம் நான் உள்ளே போய், அந்தந்தக் கட்டிலருகில் நின்று சொல்வேன்.

அம்மாள் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, எழுதக் கூடாது. எழுதினால் மொய்யாகிவிடும், அவன் வந்ததற்கு இவன் வர வேண்டும் என்று நோட்டோடு நிற்பார்கள் என்றார். மற்றது, வராதவர் பேரைச் சொல்லக் கூடாது. "ஒரு பேர் பொய்யாப் போனா எல்லாப் பேரும் பொய்யாயிரும் சார்."

எழுதாமல் நினைவு வைப்பது எனக்குக் கஷ்டமில்லை. பையன்களின் பேரை இனிஷியலோடு மனப்பாடமாகச் சொன்னவன்.

பிப்ரவரி 20

முதல் நாள். "கறம்பக்குடி பிச்சையம்மாள் வந்தார்" என்றதும், கட்டிலில் கிடந்த கிழவர், "அவளா? அவ எதுக்கு வந்தா?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

மார்ச் 4

கூட்டம் குறையவில்லை. வகைதான் மாறியிருக்கிறது. ஒருவர் தன் பேரை முதலில் சொல்ல வேண்டும் என்கிறார். ஒருவர் பேரோடு, சிவப்புக் காளையை விற்றாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார். அதைச் சொன்னால் நோயாளிக்கு வேறு வியாதி வந்துவிடும், வீட்டுக்கு வந்தபிறகு சொல்லுங்கள் என்று சமாதானம் செய்தேன். இரண்டு பேர் நோயாளி யாரென்றே தெரியாமல், பஸ் வரும் வரை நேரம் போக்கப் பேர் கொடுத்துவிட்டார்கள்.

வார்டில் குறட்டைச் சத்தம் கேட்கிறது. டாக்டருக்கு அது நாதஸ்வரமாக இருக்கிறதாம்.

மார்ச் 9

ராசாத்தி வீட்டுக்குப் போனாள். மாமனார் கதவுக்கு வெளியிலேயே வண்டியோடு நின்றார். அவள் கிட்டே வரும்போது அவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். தன்னைப் பார்த்தால் மறுபடி எங்கேயாவது எழுந்து நிற்பாள் என்று பயமாம். அவள் ஏற்கெனவே நடந்துதான் வந்துகொண்டிருந்தாள்.

வார்டில் இப்போது ஒரு புது வழக்கம். யாராவது எழுந்திருக்கப் பார்த்தால் ஆயா மூக்காயி தூரத்திலிருந்தே "ராசாத்தி" என்கிறாள். உடனே படுத்துவிடுகிறார்கள். மீசை வைத்த ஆம்பளைகள் கூட.

மார்ச் 30

பெரியண்ணன் அம்பலத்துக்குக் குடலிறக்கம். இன்று ஆபரேஷன். நல்லபடியாக ஆயிற்று. சித்திரையில் கமிட்டி, இவர் கட்டிலில்.

மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கதவு தெறந்திருக்கா?" என்பதுதானாம். சாத்தியிருக்கிறது என்றார்களாம். தன்னைப் பார்க்க நாலு ஊர் வரும், திறக்கத்தான் வேண்டும் என்றார். இன்னாசியம்மாள் மறுத்துப் பேசவில்லை. "ரெண்டு நாள் தூங்கிட்டுச் சொல்லுங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 1

நாலு ஊர் வந்தது. என் தலைக்குள் இடமில்லை. சாயங்காலம் கட்டிலருகே நின்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அம்பலம் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பது போல் கேட்டார். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.

"கறம்பக்குடியிலேருந்து யாரும் வரலை?"

வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சியைத் தொடவில்லை என்று மூக்காயி சொன்னாள்.

ஏப்ரல் 2

காய்ச்சல். மிளகுக் கஷாயம். ஆஜர் எடுக்கிறவருக்கே ஆப்சென்ட்.

ஏப்ரல் 4

எழுந்து போனேன். போயிருக்கவே வேண்டாம்.

நான் இல்லாத நாட்களில் மூக்காயிதான் மரத்தடியில் உட்கார்ந்து பேர் கேட்டு, உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறாள். எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஒரு பேரைத் தானாகச் சேர்த்திருக்கிறாள். கறம்பக்குடி உடையப்பன், அம்பலத்தின் தம்பி.

"பாவம்யா அந்த மனுசன். ஒரு பேரைச் சேத்தேன். எனக்கென்ன கொறைஞ்சு போச்சு? அன்னிக்குக் கஞ்சி குடிச்சாரு, நல்லாத் தூங்குனாரு."

இன்னாசியம்மாளைப் பார்த்தேன். அந்த முகத்தில் கோபத்தை இன்றுதான் பார்க்கிறேன், அதுவும் மூக்காயி மேல் இல்லை, தன் மேலேயே. இனி இந்த மரத்தடிப் பேச்சை யார் நம்புவார்கள், நம்பாவிட்டால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், வந்தால் இன்னொரு ராசாத்தி — அவர் பாதியில் நிறுத்திவிட்டார். கமிட்டிக்கு முன்னால் தானே போய் அம்பலத்திடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். சொன்னால் வேலை போகுமே என்றேன்.

"சொல்லாட்டி கதவு போயிரும் சார்."

எனக்கு ஒரு உதாரணமும் தோன்றவில்லை.

ஏப்ரல் 5

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் அம்மாள் உள்ளே கிளம்பும் முன்பே கறம்பக்குடி பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். தோளில் துண்டு, அம்பலத்தின் அதே மூக்கு. நேரே புங்கமரத்தடிக்கு வந்தார்.

"நீங்கதானே பேர் சொல்ற வாத்தியாரு? நான் உடையப்பன். நான் இங்கிட்டு வந்து அவரைப் பாத்துட்டுப் போனதா கறம்பக்குடி முழுக்கப் பேச்சு. நான் வரவே இல்லை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சொன்னபிறகு அவருக்கே ஏதோ இடித்திருக்க வேண்டும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் அம்மாளைப் பார்த்தேன். வந்தவர் என்று சொல்வதா, வராதவர் என்று சொல்வதா? இத்தனை வருஷ ஆஜரில் இப்படி ஒருவனை நான் கண்டதில்லை.

"நடந்ததை நடந்தபடி சொல்லுங்க சார். நானும் வர்றேன்" என்றார்.

கட்டிலருகில் நின்று சொன்னேன். கறம்பக்குடி உடையப்பன் இன்று வந்தார். தான் வரவில்லை என்று சொல்லச் சொன்னார்.

வார்டே எங்களைப் பார்த்தது. முன்பு சொன்ன பேர் பொய், பொறுப்பு தன்னுடையது என்று இன்னாசியம்மாள் ஆரம்பித்தார். அம்பலம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும் தாயி. அவன் வந்திருந்தா, பேரைக் குடுத்துட்டுப் பேசாம போற ஆளா? நாகராசோட சண்டை போட்டு அந்தக் கதவை ஒடச்சிருப்பான். பொய்யின்னு தெரிஞ்சுதான் கேட்டுக்கிட்டுப் படுத்தேன்."

பிறகு என்னைக் கேட்டார். "எந்த பஸ்ல வந்தானாம்?"

காலை பஸ் என்றேன்.

"அப்பச் சாப்பிட்டிருக்க மாட்டான்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரவில்லை என்று சொல்ல வந்தானா, வரவில்லை என்று சொல்ல வந்தானா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். தையல், தையல் என்று நர்ஸ் ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டே தம்பியைப் பார்க்க எழப் போனார்.

"ராசாத்தி" என்றாள் மூக்காயி.

அம்பலம் படுத்துவிட்டார்.

வெளியே உடையப்பன் போகாமல் நின்றிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பஸ் வரவில்லையே என்று சாலையைப் பார்த்தார். நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று சொன்னார் என்றேன்.

புங்கமரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பஸ் வந்து போயின.

ஏப்ரல் 8

அண்ணனும் தம்பியும் என் மூலமாகவே சண்டை போடுகிறார்கள். முதல் மரியாதைத் தகராறு முழுவதும் ஆரம்பத்திலிருந்து. நான் உள்ளேயும் வெளியேயும் நடக்கிறேன். பாதிக்குமேல் நானே மாற்றிச் சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. சொல்லவில்லை. நிபந்தனை.

ஏப்ரல் 20

கமிட்டி. அம்பலம் மெதுவாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு சாத்தியே இருக்கட்டும், அந்த அம்மாளும் இருக்கட்டும் என்றார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார், கமிட்டித் தலைவர் யாரையாவது பார்க்க வந்தால் அவர் பேரை முதலில் சொல்ல வேண்டும் என்று. வந்த வரிசைப்படிதான் சொல்ல முடியும் என்றார் இன்னாசியம்மாள்.

"சரி, நான் வெள்ளென வந்துக்கிறேன்" என்றார் அம்பலம்.

1961 ஜூலை 2

இரண்டு ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து எங்கள் ஏற்பாட்டைப் பார்க்க வந்தார்கள். அம்மாள் துணி வெந்நீரில் வேகும் இடம், சமையல்கட்டு, கக்கூஸ் எல்லாம் காட்டினார். அவர்கள் புங்கமரத்தைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தங்கள் ஊரில் வேப்பமரம்தான் இருக்கிறது, பரவாயில்லையா என்று ஒருவர் என்னைத் தனியாகக் கேட்டார்.

1966 நவம்பர் 13

இன்னாசியம்மாளுக்கு ஆபரேஷன். தன்னுடைய ஆஸ்பத்திரியில், தன்னுடைய கட்டிலில். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். டாக்டர் திருப்தியாக இருக்கிறார்.

நவம்பர் 15

விராலிமலையிலிருந்து, கறம்பக்குடியிலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். சாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் கதவுப் பக்கம் போகவில்லை. உடையப்பனும் அண்ணனும் ஒரே பஸ்ஸில் வந்து, யார் முதலில் பேர் கொடுப்பது என்று மரத்தடியில் சண்டை போட்டார்கள். ராசாத்தி தன் பெண்ணோடு வந்திருந்தாள். பெண் அம்மாவின் தோள் உயரம்.

எனக்கு இப்போது பழைய ஞாபகசக்தி இல்லை. பாதிப் பேர் வாசலைத் தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடும் என்று பயமாக இருந்தது. பிரகதாம்பாள் கூட வந்தாள். நான் விட்டதை அவள் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் பேசியதையே முப்பது நாற்பது வருஷம் விடாமல் பிடித்து வைத்திருப்பவள், இது என்ன பிரமாதம்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் அம்மாள் கையை ஊன்றி எழப் பார்த்தார். வயசில் மூத்தவர்கள் இருவர் வருகிறோமாம்.

"ராசாத்தி" என்றேன்.

சிரித்துக்கொண்டு படுத்தார். "யாரெல்லாம் சார் வந்தாங்க?" என்று கேட்டார். நான் ஆரம்பித்தேன். திணறிய இடத்தில் பிரகதாம்பாள் எடுத்துக் கொடுத்தாள். விராலிமலைக்காரர்கள் முடிந்து கறம்பக்குடிக்கு வரும்போது பார்த்தேன், அம்மாள் தூங்கிவிட்டார். இன்னும் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. பிரகதாம்பாள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அத்தனை பேரும் மரத்தடியில் எழுந்து நின்றார்கள். கேட்டாங்களா என்றார் அம்பலம். பாதியிலேயே தூங்கிவிட்டார்கள், உங்கள் பேர் வரை போகவில்லை என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"தூங்கிட்டாங்களா?" என்றார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, விரலை வாயில் வைத்து, பஸ் நிறுத்தத்தைக் காட்டினார். எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

யாருக்காகப் பார்க்க வந்தீர்கள் என்று அன்று வராந்தாவில் அவர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அவர் விழித்தபிறகு சொல்லிக்கொள்ளலாம்.

எனக்குப் பிறகு இதை யார் எடுத்துப் படித்தாலும், ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போனால் முதலில் வாசலிலேயே நின்று பாருங்கள். தூங்கிக்கொண்டிருந்தால், வெளியே இருப்பவரிடம் பேரைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.